ஐந்தருவிச் சாலையில் ஒரு வாழ்க்கை: ரசிகமணி டி.கே.சி.யும் இதயத்தின் வயதும்

குற்றாலத்தின் பேரருவியிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் ஐந்தருவி இருக்கிறது. சாரல் காலத்தில் அச்சாலை நிறைய மக்கள். முதுகில் துண்டும் கையில் எண்ணெய்ப் புட்டியுமாகச் செல்வோரில் நெஞ்சுவலி வந்து மீண்டவர்களும், இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவர்களும், அவர்களை அழைத்துவரும் மகன், மகள், மனைவியரும் உண்டு. மூலிகை கலந்த தண்ணீர் தலையில் விழுந்தால் இதயம் சீராகிவிடும் என்ற நம்பிக்கையோடு வருவோர் சிலர். இந்தப் பக்கம் அவர்களுக்காகவும், அவர்களைப் போன்று பிற ஊர்களில் இருப்போருக்காகவும் எழுதப்படுகிறது.

அதே ஐந்தருவிச் சாலையில்தான் தம் வாழ்வின் பிற்பகுதியைக் கழித்தார் டி. கே. சிதம்பரநாத முதலியார். ரசிகமணி என்றும் டி.கே.சி. என்றும் தமிழுலகம் அவரை அறியும். கம்பனின் பாடல்களை எளியவர்க்கும் எடுத்துச் சென்றவர். தமிழிசைக்கும் தமிழ்வழிக் கல்விக்கும் வாதாடியவர். அவர் மருத்துவரும் அல்லர், இதய நோய்க்கு மருந்து கண்டவரும் அல்லர். அவருடைய வாழ்க்கையை இங்கே சொல்லக் காரணம் வேறு. ஐம்பது வயதைக் கடந்த பின் தம் நாள்களின் அமைப்பையே மாற்றிக்கொண்ட ஒருவர் அவர். இதயத்தின் வயதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த நாள்களின் அமைப்பே என்பதை இன்றைய மருத்துவம் கூறுகிறது.

வழக்கறிஞர் நாற்காலி

தென்காசியோடு உறவுடைய குடும்பத்தில் 1880-களின் தொடக்கத்தில் பிறந்த டி.கே.சி., கல்லூரிக் கல்வியையும் சட்டக் கல்வியையும் முடித்துத் திருநெல்வேலியில் வழக்கறிஞரானார். சட்டத் தொழிலில் அவருக்குப் பெரிய பற்று இருந்ததில்லை. மனம் முழுவதும் பாடல்களிடம் இருந்தது. இருப்பினும் பொறுப்புகள் அவரை விடவில்லை. 1920-களின் இறுதியில் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1930 முதல் 1935 வரை இந்து சமய அறநிலையங்களின் ஆணையர்களுள் ஒருவராகப் பணியாற்றினார். கோப்புகள், பயணங்கள், விசாரணைகள், ஊர் ஊராகத் தங்கல் என்று நகரும் வாழ்க்கை அது. இன்று அலுவலகத்தில் அமர்ந்து உழைக்கும் எவருக்கும் அதன் சாயல் விளங்கும்.

நாற்காலியில் நெடுநேரம் அமர்ந்திருப்பது இதயத்தை நேரே தாக்கும் நஞ்சு அன்று. அது மெதுவாக வேலை செய்கிறது. தசைகள் அசையாதபோது இரத்தத்திலுள்ள சர்க்கரையும் கொழுப்பும் செலவழிவது குறைகிறது, இடுப்புச் சுற்றளவு கூடுகிறது, இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பது குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது. இவற்றுள் ஒன்றுகூட வலிப்பதில்லை. வலி தோன்றும் நாளில் இதயத்தின் இரத்தக் குழாய்களில் பல ஆண்டுகளாகப் படிந்த கொழுப்பு ஏற்கனவே பாதையைக் குறுக்கியிருக்கும்.

இதயத்தின் வயது என்னும் சொல் இங்கிருந்துதான் வருகிறது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பிராமிங்காம் என்ற சிற்றூரில் 1948-ஆம் ஆண்டு 5,209 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்கு வரவில்லை என்பதை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். புகை, உயர் இரத்த அழுத்தம், கொலஸ்டிரால், நீரிழிவு ஆகியவை இதய நோயோடு கொண்ட உறவு அவ்வாறுதான் தெளிவானது. அந்த ஆய்வின் தரவுகளிலிருந்து 2008-இல் ஒரு கணக்கு முறை வெளியானது. உங்கள் வயது, பாலினம், இரத்த அழுத்தம், கொலஸ்டிரால், புகைப் பழக்கம், நீரிழிவு ஆகியவற்றைக் கொடுத்தால், உங்களுக்குள்ள ஆபத்து எந்த வயதில் உள்ள ஆரோக்கியமான மனிதரின் ஆபத்துக்குச் சமம் என்று அது சொல்லும். அந்த வயதே இதயத்தின் வயது. நாற்பத்தைந்து வயதுடையவர் புகைப்பவராகவும் அழுத்தம் கட்டுப்படாதவராகவும் இருந்தால், அவருடைய இதயம் பத்து, பதினைந்து ஆண்டுகள் மூத்ததாகக் கணக்கில் தோன்றலாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015-இல் தம் நாட்டு மக்களுக்குக் கணக்கிட்டபோது, ஆண்களின் இதயம் அவர்களின் வயதைவிடச் சராசரியாக 8 ஆண்டுகளும், பெண்களின் இதயம் 5 ஆண்டுகளும் மூத்திருந்தது.

இந்தக் கணக்கை ஒரு சோதிடம்போல் எடுத்துக்கொள்ள வேண்டா. மேலை நாட்டு மக்களை வைத்து அமைந்த முறை நம் மக்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஏற்கனவே மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் பொருத்தியவர்களும் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அவர்களுக்கு ஆபத்து ஏற்கனவே மிகுதி என்பது தெரிந்ததே. ஆனால் இதுவரை ஒன்றும் வராதவருக்கு, மருத்துவர் சொல்லும் சதவீதத்தைவிட இந்த வயதுக் கணக்கு எளிதில் உறைக்கும். நூற்றுக்குப் பன்னிரண்டு ஆபத்து என்றால் தோள் குலுக்கிவிட்டுப் போகிறவர், உமது இதயத்திற்கு அறுபது வயது என்றால் சற்று நின்று கேட்பார்.

வட்டத்தொட்டி

டி.கே.சி.யின் வாழ்க்கையில் பணியைவிடப் பெரிதாக நின்றது நண்பர் கூட்டம். திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் கூடிய இலக்கியக் குழுவுக்கு வட்டத்தொட்டி என்று பெயர். வீட்டின் வட்டமான தொட்டிக் கட்டில் அமர்ந்து பாடலைப் படிப்பார்கள், ஒரே பாடலை மீண்டும் மீண்டும் இசையோடு சொல்லுவார்கள், விவாதிப்பார்கள், சிரிப்பார்கள். பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியான எஸ். மகராஜன், தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் போன்றோர் அக்கூட்டத்தில் உருவானவர்கள். பாடலைக் கண்ணால் படிப்பது போதாது, காதால் கேட்க வேண்டும் என்பது டி.கே.சி.யின் கொள்கை. கேட்க மனிதர் வேண்டும். ஆகவே மனிதர்களை அவர் சேர்த்துக்கொண்டே இருந்தார். வர இயலாதவர்களுக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதங்கள் பிற்காலத்தில் நூல்களாக வந்தன.

இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. உறவும் நட்பும் குன்றியவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். காரணங்கள் பல. தனித்திருப்பவரின் உடலில் மன அழுத்தச் சுரப்பிகள் அடங்காமல் வேலை செய்கின்றன, உறக்கம் கெடுகிறது, சமைத்து உண்ணும் விருப்பம் போகிறது, மாத்திரையை நினைவூட்ட ஆள் இல்லை. நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று சொன்னால் உடனே வண்டி பிடிக்கவும் ஆள் இல்லை. கடைசியில் சொன்னது சிறியதாகத் தோன்றலாம், ஆனால் மாரடைப்பில் உயிரைக் காப்பது பல நேரங்களில் அதுவே.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு சொல். வீட்டுக்குள் மூன்று வேளை உணவும் மாத்திரையும் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். பணி ஓய்வு பெற்ற தந்தை முன்பு தேநீர்க் கடையில் நாளிதழ் படித்துக்கொண்டு வாதாடிய நண்பர்கள் யார்? அவர்களில் ஒருவரை வாரம் ஒருமுறை வீட்டுக்கு அழைக்க முடியுமா? கோயில் மண்டபத்திற்கோ நூலகத்திற்கோ அவரைக் கொண்டுவிட முடியுமா? மருந்துச் சீட்டில் எழுதப்படாத மருந்து இது.

அருவியின் அருகில்

அறநிலையப் பணி முடிந்தபின், பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் வாழத் தலைப்பட்டார். அவருடைய பெருமீசையும் உரத்த சிரிப்பும் அவ்வூரின் அடையாளங்களுள் ஒன்றாயின. இராஜாஜியும் கல்கியும் அங்கு வந்து தங்கினார்கள். கரிசல் நிலத்திலிருந்து கி. ராஜநாராயணன் போன்ற இளைஞர்களும் அவரைத் தேடி வந்தார்கள். சாரல் வந்தால் அருவி. அருவிக்குப் போனால் குளியல். வீடு திரும்பினால் கம்பன். இதுவே அந்நாள்களின் போக்கு. கம்பராமாயணத்திலிருந்து இடைச்செருகல் என்று தாம் கருதியவற்றை நீக்கி, உரையோடு பதிப்பிக்கும் பெரும்பணியையும் அவர் மேற்கொண்டார். தமிழறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. கண்டனங்கள் வந்தன. அவர் வேலையை நிறுத்தவில்லை. அவருடைய கட்டுரை நூல் ஒன்றின் பெயர் இதய ஒலி என்பதை, இப்பக்கத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஐம்பதுக்குப் பின் வாழ்க்கையை மாற்றி என்ன பயன், கெட்டது கெட்டுவிட்டதே என்று மருத்துவமனையில் பலர் கேட்கிறார்கள். 45 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 16,000 பேரை அமெரிக்காவில் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. நாள்தோறும் போதிய காய்கனி, வாரம் சில மணி நேர நடை, மிகாத எடை, புகையின்மை ஆகிய நான்கையும் அந்த வயதில் புதிதாக மேற்கொண்டவர்களுக்கு, அடுத்த நான்கே ஆண்டுகளில் இதய, இரத்தக்குழாய் நோய்கள் 35 சதவீதமும் இறப்பு 40 சதவீதமும் குறைவாக இருந்தன. புகையை விட்டவருக்கு ஓராண்டில் இதய நோயின் கூடுதல் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிறது. இதயத்தின் வயது முன்னே மட்டும் ஓடும் கடிகாரம் அன்று; பின்னேயும் ஓரளவு திருப்பலாம்.

அவ்வாறாயின் அருவி இதயத்திற்கு மருந்தா? இக்கேள்விக்கு நேரான விடை: இல்லை. மலைக்காற்றும் நீரின் ஓசையும் மனத்தை இளக்கும். உறக்கம் நன்றாக வரும். அவ்வளவில் அது நன்மையே. அடைபட்ட குழாயை அருவிநீர் திறக்காது. உயர்ந்த அழுத்தத்தை நிலையாகக் குறைக்காது. அருவியில் குளிக்கும் வாரத்தில் மாத்திரை வேண்டா என்று நிறுத்திவிடுவோர் பெரும் ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்கள். குறிப்பாக, ஸ்டென்ட் பொருத்தியவர்கள் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட்டே திடீரென அடைபடக்கூடும். பீட்டா தடுப்பு மாத்திரையைத் திடீரென விட்டால் நெஞ்சுவலி திரும்பக்கூடும்.

குளிர்ந்த நீர் உடலில் என்ன செய்கிறது என்று தெரிந்தால் எச்சரிக்கையும் எளிதாகும். அருவியின் கீழ் தலையைக் கொடுத்த முதல் ஓரிரு நிமிடங்களில் தோலின் இரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்குகின்றன. இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் தாவி ஏறுகின்றன. மூச்சு தன்னறியாமல் வேகமாகிறது. நலமான இதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். சிலருக்கு அதுவே உற்சாகம். குழாய் குறுகிய இதயத்திற்கோ ஒரே நேரத்தில் வேலை கூடி, கிடைக்கும் இரத்தம் போதாமல் போகிறது. இதனோடு வயிறு நிறைய உண்ட உணவும், மதுவும், கூட்டத்தின் நெருக்கலும், படியேறிய களைப்பும் சேர்ந்தால் சுமை இன்னும் மிகும்.

ஆகவே அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், அண்மையில் ஸ்டென்ட் அல்லது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், சிறு நடைக்கே மூச்சு வாங்குபவர்கள், கால் வீக்கம் உள்ளவர்கள், அழுத்தம் கட்டுப்படாதவர்கள் ஆகியோர் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் அருவிக்குள் செல்லலாகாது. கரையில் அமர்ந்து சாரலை வாங்கிக்கொள்வதும் குற்றாலம்தான். அதில் குறைவு ஒன்றும் இல்லை. மருத்துவர் இசைந்தால், முதலில் கால், பின்பு கை, பின்பு தோள் என்று நீரை நனைத்துப் பழகியபின், விசை குறைந்த ஓரத்தில் சில நிமிடங்கள் நிற்கலாம். வார்ஃபரின் போன்ற மருந்து உண்பவர்கள் நீர் ஓங்கி விழும் நடுப்பகுதியைத் தவிர்க்க வேண்டும். தலையில் படும் அடி உள்ளே இரத்தக் கசிவை உண்டாக்கலாம். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் வழுக்குப் பாறையில் ஒருவரின் கையைப் பிடித்தே நடக்க வேண்டும். நெஞ்சில் பாரம், தலைசுற்றல், மூச்சுத் திணறல் என்று எது தோன்றினாலும் உடனே வெளியே வந்து அமருங்கள். இன்னும் ஐந்து நிமிடம் என்று நிற்காதீர்கள்.

இலையில் விழுவது

டி.கே.சி. வீட்டு விருந்து அக்காலத்து எழுத்தாளர்களிடையே பேர்பெற்றது. வந்தவரை உண்ண வைக்காமல் அனுப்பியதில்லை. பாடலைச் சுவைப்பதுபோலவே உணவையும் சுவைத்தவர் அவர். நெல்லைச் சமையலில் சொதியும் அவியலும் கூட்டாஞ்சோறும் அமையும்போது அதில் வியப்பும் இல்லை.

இந்தச் செய்தியைக் கேட்டவுடன், இதய நோயாளிக்குச் சுவையான உணவே கூடாதோ என்று முகம் சுருங்க வேண்டா. அவியலில் பெரும்பகுதி காய். கூட்டாஞ்சோற்றில் பருப்பும் காயும். தேங்காயின் அளவைக் குறைத்துக்கொண்டால் இரண்டும் இதய நோயாளிக்குப் பகையல்ல. பகை பெரும்பாலும் இலையின் ஓரத்தில் இருக்கிறது: ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சிறு தேக்கரண்டி அளவுக்குள், உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஊறுகாய்க்கும் அப்பளத்திற்கும் அதில் அதிக இடமில்லை. இன்று குற்றாலம் செல்பவர்க்குச் செங்கோட்டைச் சாலையின் பரோட்டாவும் பொரித்த கோழியும் அருவியைவிட மேலான ஈர்ப்பு என்பதை அவ்வூரார் அறிவார்கள். மைதா, எண்ணெய், உப்பு மூன்றும் ஒருங்கே சேரும் உணவு அது. நோயாளி அன்று ஒரு துண்டு தின்றார் என்று சண்டையிடுவதைவிட, மற்ற நாள்களில் வீட்டுச் சமையலில் உப்பையும் எண்ணெயையும் குறைப்பது பயன் தரும். அருவியின் ஓரக் கடைகளில் கிடைக்கும் மங்குஸ்தானும் ரம்புத்தானும் பலகாரங்களைவிட நல்ல துணை; நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு உண்ண வேண்டும்.

விருந்துகளைப் பற்றி எழுதப்படும் வரலாறுகளில் அடுப்படியில் நின்றவர்களின் பெயர்கள் பெரும்பாலும் வருவதில்லை. இதய நோயிலும் அவ்வாறே நடக்கிறது. எல்லாரும் உண்டபின் மீந்ததை உண்பவர், நடைப்பயிற்சிக்கு நேரமில்லாதவர், நெஞ்சு எரிகிறது என்றால் வாயு என்று கஷாயம் வைத்துக் குடித்துவிட்டு வேலையைத் தொடர்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் இதய நோயின் ஆபத்து வேகமாக ஏறுகிறது. பெண்களிடத்தில் மாரடைப்பு சில வேளை மூச்சுத் திணறலாகவும் முதுகு வலியாகவும் கடுஞ்சோர்வாகவும் குமட்டலாகவும் மட்டுமே தோன்றும். கணவருக்கு அழுத்தம் பார்க்கக் கூட வரும் மனைவியின் அழுத்தத்தையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

மகனின் மறைவு

டி.கே.சி.யின் மகன் தீத்தாரப்பன், தீபன் என்ற பெயரில் கவிதை எழுதியவர். அரும்பிய முல்லை என்பது அவருடைய கவிதைத் தொகுதியின் பெயர். தந்தை உயிரோடிருக்கும்போதே, இளமையிலேயே அவர் மறைந்தார். தம் பிள்ளையைப் பறிகொடுத்த தந்தை அதன்பின்னும் ஆண்டுகள் பல வாழ்ந்தார். பாடல்களோடும் நண்பர்களோடும் இருந்தார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை உள்ளிட்ட நண்பர்கள் அத்துயரில் உடன் நின்றார்கள்.

துயரம் இதயத்தை உடைக்கும் என்பது உவமை மட்டும் அன்று. நெருங்கிய ஒருவரின் இறப்புக்குப் பின்வரும் நாள்களில் மாரடைப்பின் ஆபத்து உயர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கடும் துயரத்தின்போது பெருகும் அட்ரினலின் சுரப்பால் இதயத்தின் கீழறை தற்காலிகமாகப் பலூன்போல் உப்பிச் செயல் குன்றும் ஒரு நோயை ஜப்பானிய மருத்துவர்கள் 1990-இல் விவரித்தார்கள். அந்நாட்டில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவை ஒத்திருந்ததால் அதற்குத் தகோட்சுபோ என்று பெயரிட்டார்கள். மாரடைப்பைப் போலவே நெஞ்சுவலியோடு அது தொடங்கும். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். ஆனால் வீட்டில் இருந்தபடியே இது துயரத்தின் வலி, அது மாரடைப்பின் வலி என்று பிரித்தறிய இயலாது. எந்த நெஞ்சுவலிக்கும் மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும்.

நெடுநாள் துயரம் வேறொரு வழியில் தாக்குகிறது. மனச்சோர்வு உடையவர் நடப்பதில்லை, உண்பதில்லை அல்லது மிகுதியாக உண்கிறார், மாத்திரைகளை மறக்கிறார். மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு வருவது மிக இயல்பு. அதை நோயின் ஒரு பகுதியாகவே கருதி மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் ஒருவர் எதிலும் நாட்டமின்றி இருந்தால், தைரியமாக இரு என்று சொல்வது சிகிச்சை ஆகாது. அதற்கும் மருத்துவம் உண்டு.

அக்காலமும் இக்காலமும்

டி.கே.சி. எழுபது வயதைக் கடந்து வாழ்ந்தார். 1940-களில் இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் 32 ஆண்டுகளை ஒட்டியே இருந்தது. குழந்தை இறப்பும் காலராவும் மலேரியாவும் காசநோயும் அந்த எண்ணைக் கீழே இழுத்தன. அதே நெல்லைச் சீமையின் எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948-இல் காசநோயால் மறைந்தபோது அவருக்கு வயது 42. இன்று தடுப்பூசியும் நுண்ணுயிர்க் கொல்லி மருந்தும் அந்த நோய்களைப் பின்னுக்குத் தள்ளியிருக்கின்றன. இந்தியாவில் நேரும் இறப்புகளில் நான்கில் ஒன்றுக்கும் மேல் இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேர்கிறது. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாக, 53 வயதை ஒட்டி வருவது தெரிந்தது. அதே ஆய்வு, மாரடைப்பின் ஆபத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தை ஒன்பது காரணிகளே விளக்கிவிடுவதையும் காட்டியது. புகை, கொழுப்பு, அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனிக் குறைவு, உடல் உழைப்பின்மை, மது ஆகியவையே அவை. பரம்பரை ஒன்றே காரணம் என்று கைவிரிப்பவர்கள் இதைக் கருத வேண்டும்.

ஒருவர் எழுபதைக் கடந்தார் என்பதால் அவர் வாழ்ந்த முறையே காரணம் என்று நிறுவ முடியாது. நன்றாக வாழ்ந்தும் இளமையில் மாரடைப்புக்கு ஆளானவர்கள் உண்டு; அவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தம்மைக் குற்றவாளிகளாக எண்ண வேண்டியதில்லை. பழக்கங்கள் ஆபத்தைக் குறைக்கும், அழிக்கா. அதனால்தான் பழக்கத்தோடு மாத்திரையும் பரிசோதனையும் வேண்டும். அருவிக்கரையில் வாழ்ந்தவருக்கு அக்காலத்தில் கிடைக்காத வசதிகள் இன்று உண்டு. இரத்த அழுத்தத்திற்கு நல்ல மாத்திரைகளும் கொலஸ்டிராலுக்கு ஸ்டாட்டினும் அவருடைய மறைவுக்குப் பின்னரே பரவலாக வந்தன.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகள் வீட்டிற்கே கொண்டுவரப்படுகின்றன. 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் ஆகிய முதல் மருந்துகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அதே ஆண்டு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளோடு நடப்போம் நலம் பெறுவோம் திட்டமும் தொடங்கியது. எட்டு கிலோமீட்டர் என்று மலைக்க வேண்டா. வாரத்தில் 150 நிமிடம் போதும். அதாவது நாளைக்கு அரைமணி, ஐந்து நாள். பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே சரியான வேகம். மாரடைப்புக்குப் பின் நடக்கத் தொடங்குபவர்கள் மருத்துவர் சொன்ன அளவில் தொடங்குங்கள்.

நெஞ்சின் நடுவே அழுத்தம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமற்ற வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் சோர்வும் மட்டும் வரலாம். அடைபட்ட குழாயின் பின்னால் உள்ள இதயத் தசை நிமிடந்தோறும் இறந்துகொண்டிருக்கும். நோயாளி தாமே வண்டி ஓட்டக் கூடாது. சற்றுப் படுத்தால் சரியாகிவிடும் என்று விடவும் கூடாது. குற்றாலத்தில் இருக்கும்போது நேர்ந்தால் தென்காசி அரசு தலைமை மருத்துவமனை சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. பயணம் புறப்படும்போது மருந்துச் சீட்டு, கடைசி இ.சி.ஜி.யின் நகல், தங்கும் நாள்களுக்கு மேல் இரண்டு நாள்களுக்கான மாத்திரை ஆகிய மூன்றையும் ஒரு நெகிழிப் பையில் நனையாமல் வைத்துக்கொள்ளுங்கள். உடன் வருபவருக்கும் அந்தப் பை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

டி.கே.சி. 1954 பிப்ரவரி 16 அன்று குற்றாலத்தில் காலமானார். சாரல் காலம் தொடங்க இன்னும் சில மாதங்கள் இருந்தன. கம்பன் பதிப்பும் கடிதங்களும் கட்டுரைகளும் எஞ்சின. அவர் சேர்த்த நண்பர்கள் அவரைப் பற்றிப் பேசுவதையும் எழுதுவதையும் நெடுங்காலம் நிறுத்தவில்லை. ஐந்தருவிக்குச் செல்லும் சாலையில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. அருவிக்குள் இறங்க மருத்துவர் வேண்டா என்று சொன்னவர்கள், மற்றவர்கள் குளித்துவரும் வரை அந்தச் சாலையில் மெதுவாக நடந்து அங்கே போய்வரலாம். சாலை பெரும்பாலும் நிழலானது. நடுவில் நின்று மூச்சு வாங்க இடமும் உண்டு.